அறுபதைத் தாண்டாத வளையம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் அம்மா என்னைவிடச் சற்றுக் கூடுதலாகவே நலம்; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், நீ சோதித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் எல்லாம் சிரமமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன்.

நீ கேட்டது ஒரு சொல் பதில். எனக்கு ஒரு சொல்லில் பதில் சொல்லத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே, படிக்க வசதியாக, என்னென்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் வரிசையாகத் தந்துவிடுகிறேன்:

1. இதைப் போனில் சொல்லாததற்குக் காரணம்.
2. அம்மாவின் சைக்கிளில் மாட்டியிருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்: அது என்ன, ஏன் வந்தது.
3. அந்த ஃபோர்க்கைப் பற்றி அதை ஓட்டுகிறவர்களின் கருத்துகள், எழுபத்து மூன்று.
4. நானே நேரில் போய்க் கேட்ட கருத்துகள், இரண்டு.
5. அம்மா ஏரிக்கரைப் பாதையைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்பதற்கு ரப்பர் வளையம் தரும் ஆதாரம்.
6. ஃபோர்க்கைப் பற்றி என் சொந்த அனுபவம். (இல்லை.)
7. ஒரு வேண்டுகோள்.

நடுவில் எங்காவது வரிசை குலைந்தால் பொறுத்துக்கொள். எனக்கு வயதாகிறது, இந்த விஷயமும் அப்படிப்பட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் "அப்பா, அம்மா அம்மாடி இறக்கத்துக்குப் போறாங்களா இல்லையா? ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாய். நான், "அதை ரெண்டு விதமா பார்க்கலாம்ப்பா" என்று ஆரம்பித்தேன். "லிஃப்ட் நிக்குதா விழுதான்னு கேட்டா, அதையும் ரெண்டு விதமா பார்ப்பீங்களா?" என்று நீ கத்தினாய். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நேரம் உன் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. நான் உடனே, "இங்க வெயில் பரவாயில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லாததற்குக் காரணம் இதுதான். கடிதத்தைக்கூட வீட்டில் வைத்து எழுத முடியாது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள் அவள். உறையைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் உள்ளே இருப்பது வேலை உத்தரவா, வழக்கா, காதலா என்று சொல்லிவிடுவாள். ஆகவே இதை நூலகத்தில், செய்தித்தாள் மேசையின் கோடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் ஒருவர் குறட்டை விடுகிறார். என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு அவர் பாதி, நான் பாதி.

இரண்டாவது குறிப்பு. சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கால்களுக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். அம்மாவின் பழைய சைக்கிளில் அது வெறும் இரும்புக் கால். கல்லில் மோதினால், கல் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மணிக்கட்டுக்குச் சொல்லிவிடும். போன வருடம் குவாரிக்குப் பின்னால், ஊரே 'அம்மாடி இறக்கம்' என்று பேர் வைத்திருக்கிற அந்தச் சரிவில், அப்படிச் சொன்ன செய்தி கொஞ்சம் பலமாகப் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பில் கீறல், ஆறு வாரம் மாவுக்கட்டு. (அந்த இறக்கத்துக்கு அந்தப் பேர் வந்தது யாரையும் கும்பிட்டு அல்ல. இறங்குகிற எல்லோரும் பாதி வழியில் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்களாம்.)

மருத்துவமனையில் நீ அவளோடு போட்ட ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது, ஏனென்றால் என்னைக் கேட்காமலேயே என்னை அதில் சேர்த்தீர்கள். "இனிமே சைக்கிளே வேணாம்மா" என்றாய் நீ. "சைக்கிள விட்டா நான் என்னடா பண்றது, உங்கப்பா மூஞ்சியவே பார்த்துட்டு உக்காரவா?" என்றாள் அவள். "அப்ப ஏரிக்கரைப் பாதையோட நிறுத்திக்கணும்." "சரி." "சரின்னா எப்படி நம்பறது?" "புது ஃபோர்க் போடறேன். அதுல ஒரு வளையம் இருக்கு, எவ்வளவு அமுங்குச்சுன்னு காட்டும். உங்கப்பா தினம் அளந்து நோட்டுல எழுதுவாரு. அளவு தாண்டுச்சுன்னா நீயே வந்து சைக்கிள எடுத்துட்டுப் போயிடு." "வேன் கொண்டுட்டு வருவேம்மா, சொல்லிட்டேன்." "கொண்டாடா. பெரிய வேனாவே கொண்டா." நான் கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். யாராவது என் சம்மதத்தைக் கேட்பார்கள் என்று நினைத்துத் தொண்டையைச் செருமினேன். "தண்ணி வேணுமாங்க?" என்று அவள் கேட்டாள்.

ஃபோர்க் வந்தது. அம்மா தன் சொந்தச் சேமிப்பில் வாங்கினாள். மெக்கானிக் மாட்டினார், எதைக் கேட்டாலும் "டைட் பண்ணிடலாம் சார்" என்பதால் ஊரில் அவர் பேரே 'டைட்டு'. ஒரு காலுக்குள் காற்று, இன்னொரு காலுக்குள் எண்ணெய். பளபளவென்ற மெல்லிய குழாய்கள் இரண்டு, தடித்த குழாய்கள் இரண்டுக்குள் இறங்கி ஏறுகின்றன. மொத்தம் நூற்று நாற்பது மில்லிமீட்டர் அமுங்கும். சைக்கிளுக்கு முழங்கால் வைத்ததுபோல என்று வைத்துக்கொள். நான் முதல் நாள் ஹாண்டில்பாரை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தேன். பேசாமல் இறங்கியது. கையை எடுத்ததும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், அவசரப்படாமல், தான் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. அதுவரை நான் என்னைத்தான் விட்டுக்கொடுத்துப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விட்டுக்கொடுத்தால் திரும்பி வருவதில்லை.

அளவு என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முப்பத்து நான்கு வருடம் மழை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். நாற்பத்தாறு ஊர்களிலிருந்து வரும் மழைப் பதிவேடுகளைச் சரிபார்ப்பது என் வேலை. மழைமானியைப் போய்ப் பார்க்காமலேயே, வீட்டில் உட்கார்ந்தபடி மழை பெய்விக்கும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படிப் பதினோரு பேரை நான் பிடித்திருக்கிறேன். ஒருவர் ஒன்பது நாள் தொடர்ந்து தூறல் எழுதி அனுப்பினார். போய்ப் பார்த்தால் அவருடைய மழைமானி களவு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஐந்தாவது குறிப்பில் நான் தரும் எண்களை நீ நம்பலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கருத்துகள். இந்த ஃபோர்க்கை விற்கும் இணையப் பக்கத்தில் எழுபத்து மூன்று பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து, ஒன்று முதல் எழுபத்து மூன்று வரை எண் போட்டு, இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. "வெண்ணெய்" என்று பத்தொன்பது பேர். "இரும்பு உலக்கை" என்று பதினான்கு பேர். ஒருவர் இன்னும் பெட்டியையே பிரிக்கவில்லை, ஆனால் ஐந்து நட்சத்திரம். ஒருவருக்கு நிறம் அவருடைய சட்டைக்குப் பொருந்தவில்லை. ஒருவர் மனைவியின் பிறந்தநாளுக்கு இதை வாங்கிக் கொடுத்தாராம். "ஃபோர்க் மிகவும் மென்மை, மனைவி இன்னும் பேசவில்லை" என்று எழுதியிருக்கிறார். ஆனாலும், பொதுவாகச் சொன்னால், நான் அசந்துபோனேன். எத்தனை முன்பின் தெரியாத மனிதர்கள், எங்கெங்கோ மலைகளில் உருண்டு எழுந்து, முழங்காலில் மருந்து போட்டுக்கொண்டு, நமக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்! இருபத்தேழாம் எண்காரர் எழுதிய ஒரு வரியை மட்டும் நோட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்: "இறக்கத்தில் நான் பயப்பட ஆரம்பிப்பதற்குள் இது எனக்காகப் பயந்து முடித்துவிடுகிறது." யார் அந்த மனிதர் என்று தெரியவில்லை. பெயருக்குப் பதிலாக ஒரு தவளையின் படம் இருக்கிறது. தவளையாக இருந்தாலும் சரி, எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

நமக்கு முக்கியமான இரண்டு கருத்துகள் உண்டு. நாற்பத்தொன்றாம் எண்: "ஏரியைச் சுற்றிய சமமான பாதையில் அறுபது மில்லிமீட்டரைத் தாண்டவில்லை." நம் ஒப்பந்தத்துக்கு அறுபது என்று வரம்பு வைக்கச் சொன்னது நான்தான், இதைப் படித்துத்தான் சொன்னேன். நீயும் "பரவாயில்லப்பா, நீங்களே ஒரு முடிவு எடுத்துட்டீங்களே" என்று பாராட்டினாய். அன்று எனக்கு இரவுச் சாப்பாடு கூட இரண்டு கவளம் அதிகமாக இறங்கியது. அடுத்து ஐம்பத்தெட்டாம் எண்: "சரியாகக் காற்றடித்த ஃபோர்க், ஒரு நாள் ஓட்டத்தில் ஒரு முறையாவது கடைசி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். போகவில்லையென்றால் காற்று அதிகம்." இந்தக் கருத்து என்னைத் தூங்கவிடவில்லை. நம் வளையம் அறுபதைத் தாண்டியதே இல்லை. காற்றடித்தது நான். அப்படியானால் நான் அதிகமாக அடித்துவிட்டேனோ? இதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரே பொருளைப் பத்தொன்பது பேர் வெண்ணெய் என்கிறார்கள், பதினான்கு பேர் உலக்கை என்கிறார்கள். ஏன்? நான் பிழைப்பு நடத்தியதே இப்படிப்பட்ட கேள்விகளால்தான். ஊரில் இதே ஃபோர்க் வைத்திருப்பவர்கள் அம்மாவைத் தவிர இரண்டு பேர்: பேக்கரிக்காரரும் பல் டாக்டரம்மாவும். நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ய நான்கு நாள் ஆயிற்று. பேக்கரி வாசல்வரை போய் இரண்டு முறை பன் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை அவரே, "சார், தினம் பன்னு வாங்கறீங்க, ஆனா பன்னுக்காக வந்த முகம் இல்லையே இது" என்றார். கேட்டேன். "ஃபோர்க்கா? மெத்தை சார். சும்மா மெத்தை. ஆனா மெத்தைக்கு அடியில கட்டில் இருக்கே, அது அப்பப்ப இடிக்குது" என்றார். எவ்வளவு காற்று என்று கேட்டேன். "கடையில குடுத்தப்ப என்ன இருந்துச்சோ அதான்." உங்கள் எடை என்ன என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று வாயை மூடிய பிறகுதான் தோன்றியது. ஆனால் அவர் நல்ல மனிதர். மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். வரிசையில் ரொட்டிக்கு நின்ற பெண்மணி ஒருவர், "எவ்வளவுன்னு சத்தமா சொல்லுங்க" என்றார். தொண்ணூற்றெட்டு. பாவம், அந்தக் காற்று அறுபது கிலோ ஆளுக்கு உரியது. கட்டில் இடிக்காமல் என்ன செய்யும்?

பல் டாக்டரம்மா அதற்கு நேர்மாறு. ஒல்லியான பெண், நாற்பத்தேழு கிலோவுக்கு மேல் இருக்காது. "அங்கிள், அதுக்குப் பேரு ஃபோர்க்கா? கடப்பாரை. ரெண்டு நட்சத்திரம் போட்டதே என் பெரிய மனசு" என்றார். அவருடைய சைக்கிளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி இருந்தார். "அப்படியே இருங்க, ஒரு நிமிஷம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். ஃபோர்க்கின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் திறக்கும், மறு பக்கம் திருப்பினால் பூட்டிக்கொண்டு அமுங்காது. தார்ச்சாலையில் மேடு ஏறும்போது மட்டும் பூட்டுவதற்கு. அது பூட்டியிருந்தது. திறந்துவிட்டு, "இப்ப அழுத்திப் பாருங்கம்மா" என்றேன். அழுத்தினார். முகம் மாறியது. "அங்கிள்... எட்டு மாசமா பூட்டியேவா ஓட்டியிருக்கேன்?" "அப்படித்தான் தெரியுது." "வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு தினம் முப்பது பேருக்குச் சொல்றேன். இதைத் திறக்கத் தோணலையே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மகன் 'யாரும்' கணக்கில் வரமாட்டான் என்று நினைக்கிறேன். அன்று மாலையே தன் கருத்தை அழித்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தோடு புதிதாக எழுதியிருக்கிறார்.

ஆகவே என் முடிவு, அதாவது முடிவு என்று சொல்லத் துணிந்தால்: உலக்கை என்றவர்களும் கட்டில் இடிக்கிறது என்றவர்களும் ஃபோர்க்கைப் பற்றிப் பேசவில்லை, தாங்கள் கவனிக்காத ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். எடையை எழுதாத கருத்து, மழைமானியின் வாய் அகலத்தை எழுதாத மழைப் பதிவு மாதிரி. நான் அம்மாவின் எடையைக் கேட்டு, அட்டவணை பார்த்து, முள் காட்டும் சின்னப் பம்பால், நாற்பது நிமிடம் செலவு செய்து, ஒவ்வொரு அடியாகக் காற்றடித்தேன். "கல்யாணத்தன்னிக்குக் கூட என் பக்கத்துல இவ்வளவு நேரம் நின்னதில்ல" என்றாள்.

இப்போது ஐந்தாவது குறிப்பு. நீ நேராக இங்கே தாவி வந்திருந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். பளபளக்கும் குழாயில் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மாட்டியிருக்கிறது. ஃபோர்க் அமுங்கும்போது கீழ்க்குழாய் அதை மேலே தள்ளும். ஃபோர்க் திரும்பினாலும் வளையம் போன இடத்திலேயே நின்றுவிடும். அன்றைய ஓட்டத்தில் ஆக அதிகமாக எவ்வளவு அமுங்கியது என்பதற்கு அது சாட்சி. காலையில் நான் வளையத்தை அடியில் இறக்கி வைப்பேன். அம்மா வாசலில் இருக்கும் மூன்று படியையும் சைக்கிளை விட்டு இறங்காமலேயே தடதடவென்று இறங்கிப் போவாள். (அந்த நேரத்தில் நான் கண்ணை மூடிக்கொள்வது வழக்கம்.) இரண்டு மணி நேரத்தில் வருவாள். சைக்கிளைக் கொட்டகையில் நிறுத்தி, பழந்துணியால் குழாய்களைத் துடைத்துவிட்டு, "வாங்க, உங்க சாட்சியை விசாரிங்க" என்று கூப்பிடுவாள். நான் அளவுகோலோடு போவேன்.

இருபத்தாறு நாள் அளவு என் நோட்டில் இருக்கிறது. முதல் வாரத்தை அப்படியே தருகிறேன்: 60, 59, 60, 60, 58, 60, 60. மற்ற வாரங்களும் இப்படியே. ஒரு நாள்கூட அறுபதைத் தாண்டவில்லை. மழை பெய்து பாதை குழியான நாளில்கூட 59. இந்த வயதில், இருபத்தாறு நாளும் ஒரே நிதானத்தில் ஒரு ஆள் சைக்கிள் ஓட்ட முடியுமா என்று நான் வியந்துபோனேன். முப்பத்தொரு வருடம் ஒரே நேரத்துக்கு ஒரே வாசலில் தபால் கொடுத்தவளின் ஒழுங்கு அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் திரும்பி வந்ததும் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். கோப்பையின் காதில் அவளுடைய கட்டைவிரலின் கறுப்பு ரேகை ஒன்று எப்போதும் இருக்கும். சங்கிலி எண்ணெய் போலிருக்கிறது. உழைக்கிற விரல் என்று அதைக்கூட நான் மதிப்போடுதான் பார்த்தேன்.

மேலே சொன்ன ஐம்பத்தெட்டாம் எண்காரரால் வந்த சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள, அம்மாவையும் அழைத்துக்கொண்டு டைட்டின் கடைக்குப் போனேன். நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், ஃபோர்க்கைப் பார்த்தார், பம்பின் முள்ளைப் பார்த்தார். "இந்தக் காத்துக்கு, அம்மா எடைக்கு, அறுபதா? சார், சும்மா..." என்று ஆரம்பித்தார். உன் அம்மா, "உன் கடை வாசல்ல யாரோ வந்திருக்காங்க பாரு" என்றாள். வாசலில் யாரும் இல்லை. டைட்டு கொஞ்ச நேரம் வெறும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ரோடு நல்லாருக்கு போல சார். காத்து கரெக்ட். வேணும்னா டைட் பண்ணிடலாம்" என்றார். எதை டைட் பண்ணுவது என்று கேட்டேன். "பொதுவா சொன்னேன் சார்" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஆக, உன் கேள்விக்கு என் பதில்: இல்லை. அம்மா அம்மாடி இறக்கத்துக்குப் போகவில்லை. எண்கள் பொய் சொல்லாது.

ஆறாவது குறிப்பில் எழுத ஒன்றுமில்லை. நான் அந்தச் சைக்கிளில் ஏறியதில்லை. எழுபத்து மூன்று பேரின் கருத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தவனுக்குச் சொந்தமாக ஒரு கருத்து இல்லை என்பது இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்தலோடு இருக்கவும் எனக்குப் பழக்கம் உண்டு.

கடைசியாக வேண்டுகோள். உனக்குச் சிரமம் இல்லையென்றால், உன் மனதுக்கும் சரியென்று பட்டால், சந்தேகத்தில் வருகிற இருபதாம் தேதி வேன் கொண்டு வரப்போவதாக நீ சொன்னதைத் தயவுசெய்து கொஞ்சம் தள்ளிவைக்க முடியுமா என்று யோசித்துப் பார்க்கலாமா? முடியாவிட்டால் பரவாயில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் போய்விட்டு அவள் வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு எட்டு மாதம் அவள் ஜன்னலோரம் நின்று, புதிதாக வந்த தபால்காரர் எந்த வீட்டை விட்டுவிட்டுப் போகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வேன் வந்தால் மறுபடியும் அந்த ஜன்னல்தான்.

மருமகளுக்கு என் அன்பு. நீ கையெழுத்திட்ட கயிறு எதுவும் அறாதிருக்கட்டும். நீங்கள் இருவரும் ஏறும் எதுவும் பாதியில் நிற்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு (மறுநாள் காலை): தபால்தலை இல்லாததால் நேற்று இதை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாவது குறிப்பு இரவெல்லாம் உறுத்தியது. காலையில் அம்மா குளிக்கப் போயிருந்தாள். கொட்டகைக்குப் போனேன். வளையத்தை அடியில் இறக்கினேன். சும்மா உட்கார்ந்து மட்டும் பார்க்கலாம் என்றுதான் ஏறினேன். ஆனால் சைக்கிளுக்கு அது தெரியவில்லை. முற்றம் லேசான சரிவு என்பதை நாற்பது வருடமாக அந்த வீட்டில் இருந்தும் நான் கவனித்ததில்லை. வாசல் வந்தது. மூன்று படி. கண்ணை மூடிக்கொண்டேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கீழே ஏதோ மூன்று முறை பெருமூச்சு விட்டது. கண்ணைத் திறந்தால் எதிர்வீட்டு வேலியருகே நிற்கிறேன். மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது. இருபத்தேழாம் எண்காரர் சொன்னது அத்தனையும் உண்மை; நான் பயப்பட ஆரம்பிப்பதற்குள் அது பயந்து முடித்திருந்தது, எனக்கு மிச்சமே வைக்கவில்லை. என் வாய் மட்டும் தன் பாட்டுக்கு "அம்மாடி" என்று சொல்லியிருந்தது.

திரும்பி வந்து, பழக்கதோஷத்தில், அளவுகோலை எடுத்தேன். எண்பத்தைந்து.

நான் ஐம்பத்தைந்து கிலோ. அம்மா அறுபத்து நான்கு. காற்று அதே காற்று. படி அதே படி. தினமும் அந்த மூன்று படியை இறங்கிப் போகிறவளுக்கு, ஏரிக்கரையை விடு, தெருவில் கால் வைக்கும் முன்னாலேயே எண்பத்தைந்தைத் தாண்டியிருக்க வேண்டும். நாற்பத்தொன்றாம் எண்காரர் வீட்டு வாசலில் படி இல்லை போலிருக்கிறது. அதை அவரும் எழுதவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் வைத்த வரம்பின்படி முதல் நாளே, வீட்டு வாசலிலேயே, அவள் சைக்கிளை இழந்திருப்பாள். கொட்டகையில் உட்கார்ந்து என் நோட்டைத் திறந்தேன். 60, 59, 60, 60, 58, 60, 60. மகனே, பதினோரு பேரையும் நான் பிடித்தது இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான்.

நேற்று அவள் திரும்பிய நேரத்தில் பல் டாக்டரம்மா வீட்டுக்கு வந்திருந்ததால் அம்மா குழாயைத் துடைக்க மறந்திருக்கிறாள். ஃபோர்க் இறங்கிய தூரம்வரை பளிச்சென்றும், அதற்கு மேலே புழுதியுமாக ஒரு கோடு தெரிந்தது. அளந்தேன். நூற்று முப்பத்தெட்டு. ஏரிக்கரையில் அப்படி ஒரு இடம் கிடையாது. அம்மாடியில்தான் உண்டு. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அதற்குப் பதிலாக ஐம்பத்தெட்டாம் எண் நினைவுக்கு வந்தது: ஒரு நாளில் ஒரு முறையாவது கடைசி வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தெட்டு! நான் அடித்த காற்று சரி. அவ்வளவு உயரத்திலிருந்து, அவ்வளவு கல்லில், மாவுக்கட்டுப் போட்ட அதே கையோடு தினமும் இறங்கி, முழுசாக வந்து, எனக்குத் தேநீர் போட்டிருக்கிறாள்.

அப்போது அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. நான் கட்டைவிரலால் வளையத்தை அறுபதுக்கு இறக்கிவிட்டேன்.

"என்னங்க, காலங்காத்தால இங்க?" என்றாள்.

"சும்மா, அளவு பார்த்தேன்."

"எவ்வளவு?"

"அறுபது."

"நேத்தும் அறுபதுதானே" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். கறுப்பாக ஒரு கோடு. பிறகு பழந்துணியை எடுத்துக் குழாயைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் துணியை என்னிடம் நீட்டினாள். "கையத் துடைச்சுக்கங்க. கோப்பையில ஒட்டும்."

வேன் கொண்டு வராதே. இதில் 'தயவுசெய்து' இல்லாதது கைத்தவறு அல்ல. நான்கு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறேன். வெறுங்கையோடு வா, வாசலில் மூன்று படி இருக்கிறது, நீயும் ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசு. பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது என்பது என் தொழில் பழக்கம், ஆகவே மேலே எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன். இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு ரேகை என்னுடையது. ஐந்தாவது குறிப்பு தவறு.